இடது காது

"காது வேணும்!"

குட்டிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் சுண்டெலி. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

"காதெல்லாம் இனிமே கிடையாது. பெரிய பொண்ணாயிட்டே. உன் ரூம்ல நீதான் தனியாத் தூங்கணும்," என்றாள் அம்மா கறாராக. அந்தக் கறார் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கைக்குழந்தையிலிருந்தே வந்த பழக்கம். அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். அவளுடைய இடது காது மடலைச் சுண்டெலி விரலால் வருடிக்கொண்டே இருப்பாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பொய்க் குறட்டை விடுவாள். அப்புறம்தான் சுண்டெலியும் சுருண்டு படுப்பாள். தனி அறை, தனிக் கட்டில் எல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்?

திங்கட்கிழமையிலிருந்து அது நடக்காது. அம்மாவுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. சுண்டெலி வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை அது. முதலாளியம்மா தானாகவே போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தார். அன்றிலிருந்து மாவு பிசைய அம்மாவின் கை துறுதுறுவென்றிருந்தது. ஆனால், இங்கே குழந்தை அழுதுகொண்டிருந்தால் அங்கே அடுப்பு முன்னால் மனசு நிற்குமா?

"அப்பா காதைப் பிடிச்சுக்கோடா செல்லம். எனக்கும் ரெண்டு இருக்கே!" என்று தலையை நீட்டினார் அப்பா.

"உன் காது வேணாம். நீ சோபாவிலேயே தூங்கிடுவே."

"மானத்தை வாங்கறாளே!"

அம்மா துணி முயலை எடுத்துக் கொடுத்தாள். "இது காதைப் பாரு, எவ்வளவு நீளம்!"

சுண்டெலி முயலின் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூடிய கண்ணாகத் தைத்திருந்த முயல். "இது தூங்குதும்மா," என்று அதைக் கால்மாட்டில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "அம்மா காது!"

அம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகை வீட்டைத் தூக்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாங்க. வரலைன்னு சொல்லிடறேன்."

"அவசரப்படாதே. நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம்," என்றார் அப்பா. அதற்குள் அம்மா கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்தாயிற்று.

மறுநாள் ஞாயிறு. புது அடுப்பைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பேக்கரிக்குப் போனவள், கூட்டத்தைப் பார்த்ததும் கைகொடுக்க இறங்கிவிட்டாள். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தலையெல்லாம் மாவு, முகமெல்லாம் சிரிப்பு. "அஞ்சே நிமிஷம்டா, அம்மா வந்துடறேன்," என்று சோபாவில் சாய்ந்ததுதான் தெரியும். இந்த முறை குறட்டை நிஜம்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. அவள்மேல் சுண்டெலியின் பூப்போட்ட போர்வை.

"ஐயையோ, குழந்தை!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். தன் கட்டிலில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள் சுண்டெலி. தன்னந்தனியாக!

"நீங்க தூங்க வச்சீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நானா? பாத்திரம் கழுவிட்டு வந்து பார்த்தேன். நீ சோபாவில, அவ கட்டில்ல. மூச்சுக் காட்டாம நானும் போய்ப் படுத்துட்டேன்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழந்தையை அள்ளி முத்தமாகக் கொட்டினாள். "என் தங்கமே! அம்மா காது இல்லாம எப்படிடீ தூங்கினே?"

சுண்டெலி கொட்டாவி விட்டாள். பிறகு அம்மாவின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

"நீதாம்மா சமத்து! நான் காதைத் தடவாமலே நேத்து நீயாவே தூங்கிட்டியே. இனிமே தினமும் உன்னைத் தூங்க வச்சிட்டு நான் தூங்க வேணாம்ல?"