நீலச் சட்டை

தான் கண்டுபிடித்ததைப் பற்றி நாற்பத்தொரு நாளாகக் கோரா வாயைத் திறக்கவில்லை. இன்று ஹார்லன் மண்டியிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

சவப்பெட்டியைச் சுமந்து வந்தவர்களில் ஹார்லன்தான் முதல் ஆள். அமெரிக்காவின் டென்னசியில் பழைய உள்நாட்டுப் போரை ஆண்டுதோறும் நடித்துக்காட்டும் நீலச் சட்டைப் படைக்கு அவர்தான் கேப்டன்.

சென்ற கோடையில், இதே மைதானத்தில், சிப்பாய் வேடத்தில் நின்ற கோராவின் தொப்பியைப் பிடுங்கியவரும் அவர்தான். கூந்தல் தோளில் சரிந்தது. ஊரே சிரித்தது.

"நம்ம படையில எந்தப் பொம்பளையும் சண்டை போட்டதில்ல. சரித்திரத்தைக் கெடுக்காதே. வேஷம் கட்ட ஆசையா இருந்தா அங்க பீன்ஸ் வேகுது, போய்க் கிண்டு."

மைதான ஓரத்தில் கார் நிறுத்த இடம் தோண்டியபோது ஒரு சிப்பாயின் எலும்புக்கூடு கிடைத்தது. கல்லூரியில் எலும்புகளை ஆராயும் கோராவிடம்தான் அது வந்துசேர்ந்தது. இன்று அதற்குப் படை மரியாதையோடு அடக்கம்.

பெட்டியை மேடையில் இறக்கியதும் ஹார்லன் அவள் பக்கம் குனிந்தார். "பட்டனெல்லாம் நம்ம படையோடதுதானே? எதிரி ஆளுன்னு கடைசி நேரத்துல கவுத்துடாதே கண்ணு."

"நம்ம படைதான். சந்தேகமே இல்ல."

"முடிவை மேடையிலதான் சொல்லணும்னு நான் சொன்னது நல்லதாப் போச்சு பாத்தியா? டிவிக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க."

அவர் மைக்கைப் பிடித்தார். "விலாவைச் சுத்தித் துணி, அதுல வரிசையா குத்தூசி. நெஞ்சுல காயம் பட்டும் கட்டுப் போட்டுக்கிட்டு சண்டை போட்டிருக்கான்." குரல் உடைந்தது. "இவனை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்தச் சட்டை."

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க, கேப்டன்," என்றாள் கோரா. "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் இன்னும் உரக்கச் சொன்னார். துப்பாக்கிகள் மூன்று முறை வானத்தை நோக்கி முழங்கின. ஹார்லன் மண்டியிட்டுப் பெட்டியை முத்தமிட்டார்.

கோரா மைக்கை வாங்கினாள். "குண்டு பாஞ்சது தொடையில. விலாவுல ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப அந்தக் கட்டு எதுக்கு?" மண்டியிட்டபடியே கேட்டார் ஹார்லன்.

"மார்பை மறைக்க, கேப்டன். இவ ஒரு பொண்ணு."