கறுப்புப் பொடி

மாமனாரின் வாய் முழுக்கக் கறுப்பு.

வாஷ்பேசின் முன் நின்று ஆள்காட்டி விரலால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலம்.

அவன் துண்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால் இருந்த பொட்டலம். அவன் மனைவி தேன்மொழி, இறப்பதற்கு நான்கு நாள் முன்பு வாங்கி வைத்தது.

பல்பொடி இல்லை. பால்கனியில் அவரைச் செடி போடுவதற்கு நுண்ணுயிர் உரம். சிட்டிகைக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா.

அது அவரை வேருக்குள் குடியேறும் என்று சொல்லியிருந்தாள். வேர் அதற்குச் சாப்பாடு போடும். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும்.

வீட்டோட மாப்பிள்ளையா, என்று கேட்டான்.

ஆனா இது வேலை பார்க்கும், என்றாள்.

ஃப்ரிட்ஜில் கண்டதையும் எடுத்துத் தின்பவன் அவன். அதனால் பொட்டலத்தின் மேல் காகிதம் ஒட்டிப் பெரிதாக எழுதினாள்.

‘தொடாதே. உனக்கில்லை.’

ஏழு வாரமாக அவன் தொடவில்லை.

இன்று ஞாயிறு. பொடி காலாவதியாக இன்னும் மூன்று நாள். தொட்டியில் மண் நிரப்பி, அவள் எடுத்து வைத்திருந்த ஏழு விதைகளையும் ஊன்றிவிட்டான். பொடியைக் கரைத்து ஊற்றுவதுதான் பாக்கி. அவள் விட்டுப்போனதில் இந்த ஒன்றையாவது முடிக்க வேண்டும்.

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தான். அடியில் இரண்டு ஸ்பூன் தேறும்.

“தீர்ந்துரக் கூடாதுன்னு ஒரு சிட்டிகைக்கு மேல எடுக்கிறதில்ல மாப்பிள்ளை.”

“எத்தனை நாளா?”

“வந்ததுலேர்ந்து. ஊருக்கு வர்றப்பல்லாம் பல்பொடி வாங்கிட்டு வருவா. உங்களுக்கில்லன்னு எழுதியிருந்துச்சு. அப்ப எனக்குத்தானே?”

அச்சிட்ட சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. மகளின் கையெழுத்து தெரியும்.



“ருசிதான் கொஞ்சம் மண்ணு மாதிரி.”

“நல்ல பொடி அப்படித்தான் இருக்கும் மாமா.”

பொட்டலத்தை அவர் கையிலேயே கொடுத்தான்.

“கொப்பளிக்கிறத மட்டும் பால்கனித் தொட்டியில வச்சுக்கங்க.”

“ஏன்?”

“பேசின்ல கறை படியுது.”

அவர் கன்னம் உப்பப் பால்கனிக்கு நடந்தார். ஏழு விதைகளின் மேலும் ஒன்றுவிடாமல் துப்பினார். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். கறுப்பாக.

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள்.

மாமனார் மகளின் காரியத்துக்கு வந்தவர். ஓய்வுபெற்ற கண்டக்டர். ஊருக்கு எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்று மனப்பாடம். ஏழு வாரத்தில் ஒரு பஸ்ஸைப் பற்றியும் பேசவில்லை.

“என்ன விதை?”

“அவரை. தேனு எடுத்து வச்சது.”

அவர் வாயைத் துடைத்தார். மண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“காயைப் பார்த்துட்டுக் கிளம்புறேன். எத்தனை நாள்ல காய்க்கும்?”

விதை உறையில் அறுபது நாள் என்று போட்டிருந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“ஆறு மாசம் ஆகும் மாமா.”

அவர் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்தார்.

“பொடி அதுவரைக்கும் வராதே.”

“கொஞ்சமாத் தொட்டுக்கங்க.”