தெரியுதாண்ணே?

"தெரியுதும்மா. இப்ப தண்ணித் தொட்டிக்கு நேர் மேல போகுது" என்றார் கழுகு, கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு.

"சரிண்ணே" என்றது வாக்கிடாக்கி.

பேச்சுதான் வானத்தைப் பற்றி. பார்வை என்னவோ கைக்கடிகாரத்தில் இருந்தது. ட்ரோன் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, கட்டி முடியாத அந்தக் கிடங்கைத் தானே சுற்றிப் படமெடுத்துவிட்டு இறங்கும். நாலாவது நிமிடம் தொட்டி, ஏழாவது நிமிடம் கூரை, ஒன்பதாவது நிமிடம் மறுபடி தொட்டி. பாதையும் மாறாது, நேரமும் மாறாது.

தானாகவே பறந்தாலும் அது மனிதக் கண்ணை விட்டு மறையக் கூடாது என்பது விதி. ட்ரோனை இயக்கும் பெண் நிற்கும் முன்வாசலிலிருந்து பின்பக்கம் தெரியாது. அதற்குத்தான் இவர். கிரேன் ஓட்டிய காலத்தில், அத்தனை உயரத்திலிருந்து தரையில் கிடக்கும் ஆணியைக் காட்டுவார் என்பதால் வந்த பெயர் கழுகு.

அந்தக் கழுகுக்கு இரண்டு மாதமாக வானம் பால் கலந்த தண்ணீராகத் தெரிகிறது. சொன்னால் வேலை போய்விடும். மகளுக்கு இது கடைசி வருடப் படிப்பு. வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

ரீங்காரமாவது துணைக்கு வரும். இன்று அதுவும் காதில் விழவில்லை. காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று நடந்ததை நினைத்தால்தான் உடம்பு கூசியது. தொட்டி ஏணியில் நின்ற பெயின்டரின் காதை உரசாத குறையாக ட்ரோன் போயிருக்கிறது. "யாரும் இல்லம்மா, போகட்டும்" என்று சொன்னவர் இவர். மேனேஜர் கேட்டபோது, "அவன் திடீர்னு ஏறிட்டான் சார்" என்று பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் திட்டு வாங்கியவன் அவன்.

இன்று காலை அவனே இருமிக்கொண்டு தேடி வந்தான். "என்னால உங்களுக்கும் கெட்ட பேருண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

கழுகுக்கு, அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அண்ணே, இப்ப தெரியுதா?"

"தெரியுதும்மா. கூரையைத் தாண்டித் திரும்புது."

"தொட்டிப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது உயரத்திலிருந்து அந்த இருமல் கேட்டது. நேற்றுத் திட்டு வாங்கியவன், ட்ரோன் பறக்கும் நேரத்தில் எந்தத் தைரியத்தில் மறுபடி ஏறினான் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. கடிகாரத்தில் எட்டரை நிமிடம் ஓடிவிட்டிருந்தது.

மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது. வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"நிறுத்தும்மா. ஏணியில அவன் இருக்கான். நான் பாக்கல, இருமல் கேட்டுச்சு. ரெண்டு மாசமா எனக்கு எதுவுமே தெரியல. நேத்து சொன்னதும் பொய்தான், அவன் மேல ஒரு தப்பும் இல்ல. முதல்ல ட்ரோனை இறக்கும்மா."

வாக்கிடாக்கி கரகரத்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது.

"நான் இன்னிக்கு அதைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லண்ணே."