பூசணிக்காயோடு வந்த அரக்கி

"அண்ணா, ஷட்டர எறக்கிட்டுக் கெளம்புங்க. உங்க அக்கா வந்துகினு இருக்குது," என்று மூச்சு வாங்க வந்து நின்றான் கடைப் பையன் ராஜாங்கம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இளஞ்செழியன் மெஷினை நிறுத்தினான்.

"எந்த அக்கா?"

"உங்களுக்கு எத்தினி அக்கா? களமருதூர் அக்காதான். இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்குச்சி. கையில இம்மாம் பெரிய பூசணிக்காய்."

"பூசணிக்காயா? எதுக்கு?"

"உங்க மண்டையில போடத்தான். வேற இன்னா, சாம்பார் வச்சிக் குடுக்கவா வருது?"

இளஞ்செழியனுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு வருஷமாக அவன் காத்திருந்ததே இந்தச் சண்டைக்குத்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா செந்தமிழ்ச்செல்வி தன் மகளுக்குக் காது குத்தினாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இவன். சீர்த் தட்டோடு போய் இறங்கினால், மண்டப வாசல் ஃப்ளெக்ஸில் இவன் படம் இல்லை. மாமாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா மருமகன் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள், தாய்மாமனைக் காணோம். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான். அப்புறம் போனும் இல்லை, பொங்கல் சீரும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் நாலு பெரிய மனுஷரை வைத்துப் பேசித் தீர்த்திருப்பார்கள். இவன் எழுத்தாளனாயிற்றே. 'இருள்மலை ராஜ்யம்' என்று தலையணைத் தடிமனில் ஒரு மாயாஜால நாவல் எழுதிவிட்டான்.

கல்வராயன் மலையைப் பேர் மாற்றி வைத்த மாதிரி ஒரு மலை. அதன் உச்சியில் கோட்டை. ராஜ்யக் கொடியிலிருந்து தம்பியின் உருவத்தை மட்டும் அழித்துவிட்டு அரியணை ஏறுகிறாள் ஓர் அக்கா. அக்கா என்றால் சாதாரண அக்கா இல்லை, அரக்கி. இடது கையால் வாள் வீசுவாள், தாடையில் ஒரு மரு. செந்தமிழ்ச்செல்விக்கும் இடது கைப் பழக்கம்தான். மரு எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துரத்தப்பட்ட தம்பி யாளி மேல் ஏறிப் பழிவாங்க வருகிறான்.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைக் களமருதூருக்குத்தான் கொரியரில் அனுப்பினான். படிக்கட்டும், வயிறு எரியட்டும் என்று.

"அந்த மருவ மட்டுமாச்சும் எடுத்திருக்கலாம்ணா," என்றான் ராஜாங்கம். "ஆனா கதைன்னா கதை. மூணு தபா படிச்சிட்டேன். கடைசில இளவரசன் ஜெயிச்சி சிம்மாசனத்துல உக்கார்றான் பாருங்க, புல்லரிச்சிப் போச்சி."

இளஞ்செழியன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் வாசலில் அக்கா வந்து நின்றாள். ஒரு பக்க இடுப்பில் பூசணிக்காய், இன்னொரு பக்கம் கக்கத்தில் புத்தகம்.

"வெளிய வாடா."

"இன்னாவா இருந்தாலும் இங்கயே பேசு."

"வெளிய வான்னேன்."

வந்தான். எழுத்தாளன் வீரமெல்லாம் எழுத்தில்தானே. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஒருவர் போனை எடுத்து வீடியோவே பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த அரக்கி நாந்தான?"

"கதைதான அது. யாரு வேணா இருக்கலாம்."

"மூக்கால பேசற சேனாதிபதி?"

இளஞ்செழியன் தரையைப் பார்த்தான்.

"உங்க மாமா நாலு நாளா வாயத் தொறக்கல. பேசுனா மூக்கால வருதாம்."

கூட்டம் சிரித்தது. அதில் இவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஃப்ளெக்ஸ்ல என் படத்த வுட்டியே, அதுக்கு இன்னா சொல்ற?"

"தாய்மாமன கும்பலோட கும்பலா போடுவாங்களாடா? உன் படத்த மட்டும் தனியா பெருசா அடிச்சி, உள்ள மேடைக்குப் பின்னால கட்டியிருந்தேன். நீ உள்ள வந்திருந்தாதான தெரியும்?"

இளஞ்செழியன் இறங்கிய குரலில் கேட்டான்.

"அது... இப்ப எங்க கீது?"

"மாட்டுக் கொட்டாய் மேல. ஆறு வருஷமா ஒரு சொட்டு ஒழுவல. வாயி பேசாம கெழக்கப் பாத்து நில்லு."

நின்றான். அக்கா பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினாள். கூட்டம் ரெண்டடி பின்வாங்கியது. இளஞ்செழியன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

கற்பூர வாசனை வந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தான். பூசணிக்காய் மேல் சூடம் எரிய, அக்கா அவனைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம், வலது பக்கம், தலையோடு கால் வரைக்கும். சுற்றி முடித்து, ரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தாள்.

"என்ன அரக்கின்னு எழுதிக்கோ, பேயின்னு எழுதிக்கோ. அதுக்கா நான் வந்தேன்?" குரல் உடைந்துவிட்டது. "கடைசிப் பக்கத்துல என் தம்பிய எதுக்குடா சாவடிச்ச? படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு தண்ணி எறங்கல."

இளஞ்செழியன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டாம் பாகத்துல எழுப்பிடறேன்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் கூடக் கண்ணைக் கசக்கினார்.

மூணு தபா படித்த ராஜாங்கம்தான் ஆடிப்போய்க் கேட்டான்.

"இன்னாது, இளவரசன் செத்துட்டானா?"