வலது பக்கத்துக் கம்பி

தோட்டத்து ஃபிட்டர் ஜெகன் ஸ்டோரிலிருந்து தேடிக் கொண்டுவந்த இரும்புத் துண்டுகள் இரண்டிலும் சத்தம் ஒரே வேகத்தில் ஓடியது.

இரும்புக்குள் சத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் கருவியைப் பிரேமலதா மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே எண்.

"தொங்குபாலத்துக் கம்பி ரெண்டும் ஒரே இரும்புதாங்க தங்கச்சி. மாட்டுறப்ப வெட்டுன மிச்சந்தான் இது" என்றான் ஜெகன், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

போன வருடம் பாலத்தைச் சோதித்தவளே அவள்தான். வலது கம்பியில் சத்தம் இடதைவிட மெதுவாக ஓடியது. பாரத்தில் இழுபடும் இரும்பில் அப்படித்தான் ஓடும். ஆனால் இரும்புக்குள் பொடிப் படிகங்கள் எந்தப் பக்கமாகப் படிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். இரண்டும் வேறு வேறு இரும்பு, பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். படித்த திமிர், வேறென்ன?

திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து சொந்த ஊரான குருவிட்டவுக்கு வரும்போது, மனசு கேட்காமல்தான் கருவியையும் பையில் போட்டிருந்தாள்.

ஒரே இரும்பென்றால், அந்த வித்தியாசம் முழுக்கப் பாரத்தால் வந்தது. இடது கம்பி சும்மா தொங்குகிறது. பாலம் மொத்தமும் வலது கம்பி ஒன்றின் தலையில்.

வருடாவருடம் ரோட்டு வழியாகச் சுற்றிப் போகும் மாரியம்மன் சப்பரம் இந்த வருடம்தான் பாலத்தில் வருகிறது. நம்ம தோட்டத்து லயத்துப் பிள்ளையே கையெழுத்துப் போட்ட பாலம் என்று கோயில் கமிட்டிக்கு அத்தனை பெருமை.

அக்கரையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது.

கட்டியிருந்த பட்டுச் சேலையோடு ஓடினாள். சப்பரத்தைத் தோளில் சுமந்தவர்கள் பாலத்துக்குப் பத்தடி தூரத்தில் வந்துவிட்டார்கள். பாலத்தின் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, வராதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. தப்பின் இரைச்சலில் ஒரு சொல்லும் அக்கரை சேரவில்லை.

சப்பரம் நின்றது.

அவளுக்கு உயிர் வந்தது.

தப்பு இன்னும் வேகமெடுத்தது.

"ஆத்தா எறங்கிட்டாடோய்!"

மஞ்சள் தண்ணீர்க் குடமும் வேப்பிலையுமாக, அவளைத் தாங்கிப் பிடிக்க, கூட்டம் மொத்தமும் பாலத்தில் ஏறியது. எல்லாருக்கும் முன்னால் கும்பிட்டபடி ஓடிவந்தாள் அவளுடைய அம்மா சுப்பம்மா.