அப்பா தேர்ந்தெடுத்த பீரங்கி

முதல் பீரங்கியை அப்பா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பார்வை. உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்.

அதன் வயிற்றில் நீளமாக ஒரு கோடு ஓடியது. இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியது. நேற்றுப் பிறந்த அலங்காரப் பொருள்.

பழம்பொருள் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "எல்லாமே துறைமுகத்துல கப்பலுக்கு சைகை கொடுத்த பழைய பீரங்கிங்கதாம்மா," என்றார் என்னிடம்.

போன வருடம் இதே பேச்சை இன்னொரு கடையில் நம்பி, அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒன்றை வாங்கிப் போய் நின்றேன். கொஞ்ச நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பிறகு, காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

அதனால் இந்த முறை ஆளையே கூட்டி வந்துவிட்டேன்.

இரண்டாவதின் குழலுக்குள் மெல்லிய குச்சியை விட்டார். பாதியிலேயே முட்டியது. வெடிமருந்து நிரப்ப இடமே இல்லை. மேலே தீ வைக்கும் துளை மட்டும் சும்மா பேருக்கு இருந்தது.

மூன்றாவது, உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. கறுத்துப்போன வெண்கலம். முழங்கை நீளம்தான், ஆனால் இழுத்து வெளியே எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

குச்சி அடிவரை போனது. தீத்துளை வழியே கம்பியை இறக்கினார். அது உள்ளே குச்சியைத் தொட்டு நின்றது. துளையின் விளிம்பை நெருப்பு தின்று தின்று மழுக்கியிருந்தது. அப்பா சுண்டுவிரலை அதன்மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

"ஐயா, பீரங்கி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"அப்பாவுக்குக் காது கேக்காதுங்க."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சின்ன வயசுலேர்ந்தா?"

இல்லையென்று தலையாட்டினேன். துறைமுகத்தில் பீரங்கி சுடுவதுதான் அப்பாவின் வேலை என்றேன். ஒருநாள் மூடுபனி கடலையே விழுங்கிவிட்டது. ஒரு படகு மட்டும் கரை சேரவில்லை. சத்தத்தை வைத்துத் திசை பிடித்து வரட்டும் என்று அப்பா விடாமல் சுட்டார். காதில் ரத்தம் வந்தது. இனி யாரும் வரப்போவதில்லை, போதும் என்று மேலதிகாரி கையைப் பிடித்து இழுத்தாராம். உதறிவிட்டு மறுபடியும் மருந்தைத் திணித்தார்.

காதைத் தின்ற சாமான்மேல் அவருக்குக் கோபமே கிடையாது. பத்திரிகையில் அதன் படம் வந்தால்கூடக் கும்பிடுவார்.

"படகு வந்துச்சாம்மா?" கடைக்காரரின் குரல் இறங்கியிருந்தது.

அப்பா நிமிர்ந்து, இதுதான் என்று எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"வந்துச்சு. படகோட்டியும், அவர் மடியில சின்னப் பிள்ளையா நானும். என்னைப் பெத்தவங்களை அலை கொண்டுபோயிடுச்சு," என்றேன். "இவர் யாருன்னே அப்ப எனக்குத் தெரியாது. கையை நீட்டினார். போயிட்டேன்."