பதினைந்தாவது ஆள்

"மைதானத்துல பதினஞ்சு பேர் மட்டையோட நிக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் நிதி கிடையாது. பெரிய ஊர், சின்ன ஊர், எல்லாருக்கும் ஒரே விதிதான்."

கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு சொன்னார் மாலக்கி. மாவட்ட ஹர்லிங் மட்டைப்பந்துக் குழுவிலிருந்து தலை எண்ண வந்திருந்தார்.

எங்கள் க்ளூன்மோரில் பிறந்தவர்தான். பக்கத்து ஊர் பாலிடராவில் பெண் எடுத்து அங்கேயே ஒட்டிக்கொண்டார். இன்று பாலிடரா மைதானத்தில் விளக்குக் கம்பங்கள் மாதாகோவிலை விட உயரம். எங்கள் மைதானத்தில் ஆடு மேய்கிறது.

இந்த வருஷமும் நிதி இல்லையென்றால் எங்கள் அணியைக் கலைத்து பாலிடராவோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் அரக்குச் சட்டையை அப்புறம் யாரும் போட முடியாது.

பையன்களில் பாதிப்பேர் சிட்னியில் செங்கல் அடுக்குகிறார்கள். அதனால் எழுபத்தாறு வயதில் நான் முன்வரிசை ஆட்டக்காரன். நான் குனிந்தபோது முழங்கால் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பக்கத்து மாவட்டத்துக்கே பறந்துபோனது சத்தியம். என் பக்கத்தில் கல்லறைக் குழி வெட்டுகிற ஃபெஸ்டி, என் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தபடி நின்றான்.

"ஏம்ப்பா மாலக்கி, பக்கத்து ஊர்லேருந்து ஒரு ஆளை இரவல் வாங்கிக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இரவல் கிடையாதுண்ணே. இந்த ஊர்ல குடியிருக்கணும், இல்லேன்னா பிறந்திருக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"பாலிடரா தண்ணி குடிச்சவன் வேற எப்படிப் பேசுவான்!" என்று முணுமுணுத்தான் ஃபெஸ்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

மாலக்கி எண்ணத் தொடங்கினார். என்னிடம் வந்ததும் தயங்கினார்.

"இவருமா?"

"விதியில வயசு போட்டிருக்கா?"

"போடலை." என்னையும் எண்ணிக்கொண்டார்.

கடைசியாகக் கோல் கம்பத்துக்குப் போனார். அங்கே நின்றவர் தலைக்கவசம், முகக் கம்பி, சட்டை, மட்டை என்று எங்கள் எல்லோரையும் விட ஒழுங்காக இருந்தார்.

"இவர் பேரு?"

"அவன் ரொம்பக் கூச்ச சுபாவம்ணே. பேச மாட்டான்" என்றான் கேப்டன் டோனக்.

மாலக்கி கை குலுக்கினார். கை கழன்று வந்துவிட்டது. வைக்கோல்.

யாரும் சிரிக்கவில்லை.

டோனக் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "ஷேமி வர்றதாத்தான் இருந்துச்சுண்ணே. காலையில அவன் மாடு கன்னு போட ஆரம்பிச்சிடுச்சு. விட்டுட்டு எப்படி வருவான்? ஒரே ஒரு ஆளுண்ணே..."

"பதினாலு" என்றார் மாலக்கி. "இன்னிக்கு உங்க பொம்மையை எண்ணினா, நாளைக்கு பாலிடராக்காரன் பத்து பொம்மை கொண்டு வருவான். அதையும் எண்ணணும்."

ஃபெஸ்டிக்குப் பொறுக்கவில்லை. "பிறந்த ஊருக்கே குழி வெட்டுறியேடா! அது என் தொழில்டா, உனக்கு எதுக்கு?"

மாலக்கி பொம்மையை அலுங்காமல் தூக்கிக் கம்பத்தோரம் சாய்த்தார். அதன் மட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, கோலுக்கு நடுவில் போய் நின்றார்.

"ஏண்ணே, கல்யாணம் பண்ணிட்டா பிறந்த ஊர் மாறிடுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படிப்பா மாறும்?"

"அப்ப, பதினஞ்சு" என்று கோட்டைக் கழற்றினார்.

உள்ளே, தொப்பையை இறுக்கிப் பிடித்தபடி, சாயம் போன எங்கள் அரக்குச் சட்டை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!